பயணம் கூட்டாக, பிரேக் தனித்தனியாக

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனேக்கல் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் இந்தத் தாலுகாத் தலைநகர் வழியாகத் தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் போகலாம். முத்யால மடுவு அருவி பக்கத்திலேயே இருக்கிறது. பன்னேர்கட்டா காடும் எட்டும் தூரம்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் பத்து, இருபது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து, எங்காவது இட்லி வடை சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நகரத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பெங்களூரின் மோட்டார் சைக்கிள் குழுக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பிரேக்ஃபாஸ்ட் ரைடு.

இந்தப் பழக்கம் புதிதல்ல. ஆனால் நகரத்தைச் சுற்றியுள்ள பெரிய சாலைகள் ஒவ்வொன்றாக இரு சக்கர வாகனங்களுக்குக் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டன. 2022 ஜனவரியில் நைஸ் சாலையில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பெங்களூர்-மைசூர் அதிவேகச் சாலையின் பிரதானப் பாதையிலும் தடை வந்தது. ஆனேக்கல், தளி போன்ற இடங்களுக்குப் போகும் சிறிய சாலைகளின் மவுசு இதனால் கூடியிருக்கிறது. இவை அகலம் குறைந்தவை. வளைவுகளும் வேகத்தடைகளும் மாட்டு வண்டிகளும் உண்டு. தளிப் பக்கம் யானைகள்கூடச் சாலையைக் கடக்கும். பிரேக்கும் டயரும் சரியாக இருந்தாக வேண்டிய சாலைகள்.

திங்கட்கிழமை காலையில் இதே தாலுகா வேறொரு கூட்டத்தைப் பார்க்கிறது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள் எல்லாம் ஆனேக்கல் தாலுகாவில்தான் இருக்கின்றன. எல்லை தாண்டி ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் ஷிஃப்ட் நேரத்தைப் பிடிக்க 100 சி.சி., 125 சி.சி. வண்டிகள் பறந்து வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆசை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அது சம்பளம். வண்டி இரண்டு நாள் சர்வீஸில் நின்றால் ஒருவருக்கு உல்லாசப் பயணம் தள்ளிப்போகும். இன்னொருவருக்கு வருகைப் பதிவேட்டில் வெட்டு விழும். ஆனால் இருவரையும் அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டியை யாரை நம்பி விடுவது?

விளம்பரங்களிலோ ஷோரூமின் கண்ணாடிச் சுவரிலோ இதற்குப் பதில் கிடைப்பதில்லை. பதில் கிடைக்கக்கூடிய ஓர் இடம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை. எந்த டீலரின் வேலை எப்படி என்பதற்கு ஒழுங்காக நடத்தப்படும் ஒரு கூட்டுப் பயணம் போலச் சோதனைக்கூடம் வேறில்லை.

கூட்டுப் பயணம் என்பது கும்பலாகப் பறப்பது அல்ல. அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்னால் போகும் தலைவர் தன் பாதையின் வலப்பக்கம் ஓட்டுவார். அடுத்தவர் இடப்பக்கம், அதற்கடுத்தவர் மறுபடி வலப்பக்கம். இப்படி மாறி மாறி அமைந்தால் ஒவ்வொருவருக்கும் முன்னால் பார்வையும் பக்கத்தில் விலக இடமும் கிடைக்கும். நேர் முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். குறுகலான வளைவுகளில் ஒற்றை வரிசைக்கு மாறிவிட வேண்டும். புதியவர்கள் தலைவருக்குப் பின்னால் வருவார்கள். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வருவார். அவர் பெயர் ஸ்வீப். யாருடைய வண்டி நின்றாலும் அவரும் நிற்பார். கூட்டத்தின் வேகத்தை மிக மெதுவாக ஓட்டுபவர் நிர்ணயிப்பார். பெட்ரோல் பங்க்கில் எப்போது நிற்பது என்பதை மிகச் சிறிய டேங்க் நிர்ணயிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. பக்கத்து வரிசைக்காரருக்கு ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி என்று இடைவெளி விட்டால், 20 வண்டிகள் கொண்ட வரிசை 400 மீட்டருக்கும் அதிகமாக நீளும். நடுவில் இருக்கும் பதினோராவது வண்டியின் செயின் அறுந்து பின்சக்கரம் இறுகிப்போனால், பின்னால் வரும் ஒன்பது பேருக்கும் யோசிக்கக் கிடைப்பது அந்த ஒன்றிரண்டு விநாடிகள்தான். தனியாகப் போகிறவரின் வண்டிக் கோளாறு அவருடைய கோளாறு. கூட்டத்தில் போகும்போது அது பின்னால் வருகிறவரின் கோளாறாகவும் ஆகிவிடுகிறது.

நாட்டின் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் அதிகம். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அரசுக் கணக்கில் காரணங்களின் பட்டியலில் முதலிடம் அதிக வேகத்துக்குத்தான். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டிக்கு எந்த வேகமும் அதிக வேகம்தான்.

ஒரு காலத்தில் 'யாரை நம்புவது' என்ற கேள்விக்குப் பதில் ஒரு மனிதரின் பெயராக இருந்தது. 1955-ல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரிலிருந்து புல்லட்டை நாடெங்கும் அனுப்பியது. மைசூரில் 1961-ல் ஐடியல் ஜாவா நிறுவனம் ஜாவாவைத் தயாரிக்க ஆரம்பித்தது. பின்னர் அதுவே யெஸ்டி ஆனது. இரண்டுமே திறந்த புத்தகம் போன்ற எந்திரங்கள். ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் கூர்மையான காதும் இருந்தால் போதும். டேப்பெட் சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லும் மெக்கானிக்குகள் பெங்களூரின் ஒவ்வொரு பேட்டையிலும் இருந்தார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, தன் வண்டியில் எந்த நட்டு கழற்றப்படுகிறது என்று பார்க்க முடிந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதற்கு மைசூர் வண்டியே சாட்சி. ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. டீலர் இல்லை, உத்தரவாதம் இல்லை, புதிய உதிரி பாகங்களும் இல்லை. அதோடு அந்த வண்டிகளின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிக் லீவரையே கியர் லீவராகவும் பயன்படுத்தும் அந்த விசித்திர வண்டிகளைப் பழைய மெக்கானிக்குகள் ஓட வைத்தார்கள். உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து பாகங்களைத் தேடிப் பிடித்துப் பகிர்ந்துகொண்டார்கள். சர்வதேச ஜாவா தினமான ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் பெங்களூரில் இவர்கள் கூடுவது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. 2018-ல் மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் ஜாவா பெயரை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பெயருக்கு இன்னும் மதிப்பு இருந்ததற்கு இந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். தயாரித்த நிறுவனம் கைவிட்ட வண்டியை ஓட்டியவர்களும் மெக்கானிக்குகளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றினார்கள்.

அதற்காகப் பழைய காலத்தைத் தங்க முலாம் பூசிப் பார்க்க வேண்டியதில்லை. தெருவோர மெக்கானிக் பில் கொடுத்ததில்லை. போலிப் பாகம் போட்டாரா, அசல் பாகம் போட்டாரா என்று நிரூபிக்க வழியில்லை. 'நாளைக்கு வாங்க' என்ற வார்த்தை ஒரு வாரம்வரை நீளும். ஆனாலும் யாருடைய கை வண்டியில் பட்டது என்பது தெரிந்திருந்தது. தவறு நேர்ந்தால் போய் நிற்க ஒரு முகம் இருந்தது.

அந்த முகம் இரண்டு தவணைகளில் மறைந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாடு வந்தது. கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணினியே அளந்து தெளிக்கும் முறை மிகச் சாதாரண வண்டிக்கும் வந்துவிட்டது. காற்று சுத்தமாவதற்கும் உயிர் பிழைப்பதற்கும் இரண்டும் நல்லவை, தேவையானவை. ஆனால் காதால் வியாதி கண்டுபிடித்த மெக்கானிக் இப்போது கம்பெனியின் பரிசோதனைக் கருவி இல்லாமல் கை கட்டி நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கருவி இருக்கும் இடம் டீலரின் ஒர்க்ஷாப். வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் குறைந்தது.

டீலரின் ஒர்க்ஷாப்பில் வாடிக்கையாளர் பேசுவது ஒருவரிடம், வண்டியைத் தொடுவது இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு ஜாப் கார்டு மட்டும் இருக்கிறது. 'மூன்றாவது கியரில் இடப்பக்கம் திரும்பும்போது கரகரவென்று சத்தம்' என்று வாடிக்கையாளர் சொல்வது அந்த அட்டையில் 'பொது சர்வீஸ்' என்று சுருங்கிவிட்டால் கரகரப்பு அப்படியேதான் வீடு திரும்பும். இலவச சர்வீஸுக்கு உழைப்புக் கூலியைக் கம்பெனி டீலருக்குக் கொடுக்கிறது. ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் பணம் தருகிறார். உத்தரவாதத்தில் ஒரு பாகத்தை மாற்றினால், டீலர் அதற்கான நியாயத்தைக் கம்பெனியிடம் காட்டிப் பணத்தை வாங்க வேண்டும். இதில் சோம்பல்படும் டீலருக்கு 'இது இந்த மாடலில் சகஜம் சார்' என்ற ஒரு வாக்கியம் போதும். ஆக, டீலர் நல்லவரா கெட்டவரா என்பது மட்டுமல்ல கேள்வி. அவர் யாருக்காக மெனக்கெடத் தயாராக இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடைத்தரகரான டீலரே வேண்டாம் என்றால் பிரச்சினை தீருமா? தீராது என்பதற்கு ஆனேக்கலுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் ஓலா எலெக்ட்ரிக் டீலர்களைத் தவிர்த்து நேரடியாக விற்பனையில் இறங்கியது. விற்பனை ஏறிய வேகத்துக்கு சர்வீஸ் ஈடுகொடுக்கவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் 10,644. அவற்றில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. 2024 செப்டம்பரில் கல்புர்கியில் வாடிக்கையாளர் ஒருவர், புதிதாக வாங்கிய ஸ்கூட்டர் சரிசெய்யப்படவில்லை என்ற கோபத்தில் ஷோரூமுக்கே தீ வைத்துக் கைதானார். அடுத்த மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவிகிதப் புகார்கள் தீர்க்கப்பட்டுவிட்டன என்று நிறுவனம் பதில் அளித்தது. தீ வைப்பது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் கேட்க ஆளில்லாத கோபம் எங்கே போய் முடியும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

இந்த இடத்தில்தான் பயணக் குழுக்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அந்தக் குழு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டுப் பயணம் நல்ல வியாபாரம் என்று கம்பெனிகள் எப்போதோ கண்டுகொண்டன. ஹார்லி-டேவிட்சன் 1983-ல் அமெரிக்காவில் தொடங்கிய உரிமையாளர் குழுவின் கிளைகள் அந்தந்த ஊர் டீலரின் ஆதரவில்தான் இயங்குகின்றன. ராயல் என்ஃபீல்டு ஆண்டுதோறும் பெரிய பயணங்களையும் கோவாவில் ஒரு திருவிழாவையும் நடத்துகிறது. மற்றக் கம்பெனிகளும் பின்தங்கவில்லை. கொடியசைத்து அனுப்பி, டிபன் வாங்கிக் கொடுத்து, டி-ஷர்ட்டும் தரும் டீலரைப் பற்றி அந்த வரிசையில் நின்றுகொண்டே குறை சொல்வது யாருக்கும் சங்கடம்தான்.

அந்த உறவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது 2020-ல் தெரிந்தது. 2010-ல் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கிய ஹார்லி, 2020 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்தி வியாபாரத்தையும் சுருக்கிக்கொள்வதாக அறிவித்தது. பல லட்சம் ரூபாய் கொட்டி வாங்கியவர்களும், கோடிகளை முதலீடு செய்த டீலர்களும் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த மாதம் ஹீரோ மோட்டோகார்ப் விற்பனையையும் சர்வீஸையும் ஏற்றுக்கொள்ள ஒப்பந்தம் செய்த பிறகே பெருமூச்சு வந்தது. கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இருப்பது சகோதரத்துவம் என்று விளம்பரம் சொல்லலாம். கடைசியில் இருப்பது ஒப்பந்தம்தான்.

அப்படியானால் நம்பகமான டீலரை எப்படி அடையாளம் காண்பது? 'எந்த டீலர் நல்லவர்?' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சர்வீஸ் முடிந்து வண்டி பளபளவென்று வெளியே வரும்போது எல்லா டீலரும் நல்லவரே. கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'சர்வீஸுக்குப் பிறகு 500 கி.மீ.க்குள் ஏதாவது தகராறு வந்ததா? திரும்பக் கொண்டுபோனபோது என்ன செய்தார்கள்?'

தவறே செய்யாத ஒர்க்ஷாப் உலகத்தில் இல்லை. இறுக்க மறந்த போல்ட், அளவுக்கு மேல் இழுத்துக் கட்டிய செயின், சரியாக ஓடாத வயர் எங்கும் நேரக்கூடியவை. தவறோடு திரும்பி வந்தவரை வாசலில் நிறுத்தி வாதாடுகிறார்களா, வண்டியை உள்ளே வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்களா என்பதில்தான் டீலரின் தரம் தெரியும். இரண்டாவது வருகைதான் உண்மையான பரீட்சை. இந்தப் பரீட்சையின் முடிவுகள் எந்த விளம்பரப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. மாதம் இரண்டு முறை ஒன்றாகப் பயணம் செய்யும் இருபது பேரின் ஞாபகத்தில் மட்டுமே அவை சேர்ந்திருக்கின்றன. ஒரு தனி மனிதர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று சர்வீஸ்களைத்தான் பார்க்கிறார். இருபது பேர் கொண்ட குழு ஐம்பது சர்வீஸ்களைப் பார்த்துவிடுகிறது.

பெரிய அளவிலும் இதே அளவுகோல் பொருந்தும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று மீட்டியர், கிளாசிக், புல்லட் வகைகளில் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை தயாரானவை அவை. திரும்ப அழைப்பது கம்பெனிக்குத் தலைகுனிவு என்ற எண்ணம் இங்கே நெடுங்காலமாக இருந்தது. உண்மையில் தலைகுனிவு மறைப்பதில்தான் இருக்கிறது. தன்னிடம் சர்வீஸுக்கு வரும் வண்டியின் சேசிஸ் எண்ணைப் பார்த்து, 'உங்கள் வண்டி திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது, பாகத்தை மாற்றித் தருகிறோம்' என்று தானாகவே சொல்லும் டீலர் நம்பத் தகுந்தவர்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. வாடிக்கையாளர் சொன்ன குறை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஜாப் கார்டில் எழுதப்படுகிறதா? செலவு மதிப்பீடு முன்கூட்டியே தரப்படுகிறதா, கூடுதல் வேலை வந்தால் போன் செய்து அனுமதி கேட்கிறார்களா? மாற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே காட்டுகிறார்களா? வேலை நடப்பதைக் கண்ணாடி வழியாகவாவது பார்க்க முடிகிறதா? சக்கர நட்டுகளை அளவு பார்க்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குகிறார்களா, கை பலத்தை நம்பி முறுக்குகிறார்களா? பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயிலை ஞாபகப்படுத்துகிறார்களா? 'ஆயில் சேர்மானம்', 'எஞ்சின் சுத்திகரிப்பு' என்று கம்பெனி அட்டவணையிலேயே இல்லாத விஷயங்கள் பில்லில் ஏறுகின்றனவா?

புதிய டயர் வாங்குபவர் அதன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கலாம். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். கடை அலமாரியிலேயே கிழடான டயரைப் புதிது என்று தலையில் கட்டுவதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

நம்பிக்கை ஒருவழிப் பாதையும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பிரியர்களில் பலர் வண்டி வாங்கிய மறுவாரமே வயரிங்கை வெட்டிக் கூடுதல் விளக்குகளைப் பொருத்துகிறார்கள். சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிறார்கள். பிறகு பேட்டரி இறங்கியதற்கு டீலரைத் திட்டுகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 500 கி.மீ.யில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸை 1,500 கி.மீ.யில் கொண்டுவந்து உத்தரவாதம் கேட்பவர், டீலரின் நேர்மையை மட்டும் சோதிப்பதில் நியாயமில்லை.

இரு தரப்பும் ஒழுங்காக இருந்தும் தகராறு வந்தால் சட்டத்தின் துணை முன்பைவிட இப்போது பலமாகவே இருக்கிறது. முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். பெங்களூரில் வண்டி வாங்கி மும்பைக்கோ மதுரைக்கோ மாற்றலாகிப் போனவருக்கு இது பெரிய சலுகை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இணையம் மூலமே புகார் தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஜாப் கார்டும் பில்லும் இல்லாமல் போனால் மட்டும் எந்தச் சட்டமும் உதவாது.

கூட்டமாக இருப்பவர்களுக்கு இதிலும் ஒரு லாபம் உண்டு. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகத் தாக்கல் செய்யலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வகை வண்டியில் ஆபத்தான குறை இருப்பதாக உரிமையாளர்களின் புகார்கள் குறிப்பிட்ட அளவுக்குச் சேர்ந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே கம்பெனிக்கு உத்தரவிடலாம். தனி மனிதர் டீ கடையில் புலம்புவது புலம்பலாகவே போகும். இருபது பேர் தங்கள் ஜாப் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஆதாரமாகிவிடும்.

கம்பெனி ஒர்க்ஷாப்பை விட்டால் வேறு வழியே இல்லை என்ற நிலையும் மெல்ல அசைகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ரத்து செய்வதும் தவறு என்றது. அந்தத் தீர்ப்பு கார்களைப் பற்றியது. ஆனால் அதன் நியாயம் இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய மெக்கானிக்கின் காதும் புதிய கருவியும் ஒரே கடையில் சேரும் நாள் வந்தால் டீலர்களும் தானாகவே திருந்துவார்கள். போட்டியைப் போல நல்ல வாத்தியார் கிடையாது.

அதுவரை ஆனேக்கல் சாலையில் கற்றுக்கொண்டது ஆனேக்கலுக்கும் பயன்பட வேண்டும். பயணக் குழுக்கள் தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கின்றன. பல லட்ச ரூபாய் வண்டிக்காரருக்கு ஆலோசனை சொல்ல இருபது நண்பர்கள் இருக்கிறார்கள். ஜிகணியில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, தேய்ந்த பிரேக் ஷூவோடு 100 சி.சி. வண்டியில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு யாரும் இல்லை. தொழிற்சாலை வாசலில் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம், செயின் தொய்வையும் டயர் தேய்மானத்தையும் பார்த்துச் சொல்லி, எந்த ஒர்க்ஷாப் பழைய பாகத்தைத் திருப்பிக் காட்டுகிறது என்ற தகவலையும் பகிர்ந்துகொண்டால் குழுக்களுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. தங்கள் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதை டீலர்களும் கவனிக்கத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஒருவருடைய வண்டி நின்றால் கடைசியில் வரும் ஸ்வீப்பும் நிற்பார். திங்கட்கிழமை ஓட்டுபவருக்குப் பின்னால் அப்படி யாரும் வருவதில்லை. அவரைக் காப்பாற்ற இருப்பது அவருடைய பிரேக் மட்டும்தான்.